மிளகு மட்டும்தான் பாக்கி

எங்கள் மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் போட்ட ஒரு படம் இருக்கிறது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் அதன்மேல் மட்டையை வைக்கப் போனான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பவுண்டு நாய் எழுந்து குரைத்தது. "என்னா சார், சாமி படமா?" என்று கேட்டான். சாமி படமாக இருந்தால்கூட அடித்துக்கொள் என்று விட்டிருப்பேன் எனச் சொல்ல வாய்வரை வந்தது. இந்தக் கோயில் ஊரில் அப்படியெல்லாம் பேசக்கூடாது என்பதால் விழுங்கிக்கொண்டேன். அந்த ஒரு சுவரை விட்டு மற்ற மூன்றையும் அடித்துவிட்டுப் போனான்.

படத்தில் இருப்பது பைப். ஒரு மோட்டார், ஒரு மணல் ஃபில்டர், அதிலிருந்து கிளம்பிச் சுவரைத் துளைத்து வெளியே போகும் ஒரு கோடு, வால்வுக்கு வால்வு சின்னச் சின்னப் பெருக்கல் குறி. வரைந்த கை என்னுடையது. வரையச் சொன்னவள் என் மகள்.

செங்கம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் அப்பா நிலக்கடலை போட்ட நிலத்தில் நான் ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். கீழே சில அறைகள், மாடியில் சில, பின்னால் ஒரு நீச்சல் குளம். குளத்தைக் கட்டியது வெள்ளைக்காரர்களுக்காக. எல்லாரும் சொன்னார்கள், குளம் இருந்தால் கூட்டம் அள்ளும் என்று. எங்கே அள்ளியது? இங்கே வருகிறவர்கள் கண்ணை மூடி உட்கார வருகிறார்கள், நீந்தவா வருகிறார்கள்? குளத்தை ஆண்டது என் மகள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறக்கும், தொபுக்கடீர் என்று சத்தம் கேட்கும். உதடு நீலம் பாரித்தால்தான் வெளியே வருவாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. குளத்தில் குளோரின் கொட்டுகிற நாட்களில் இருமல் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் அவள் ஸ்கூல் வேன் ஏறிய பிறகுதான் டப்பாவைத் திறப்பேன். அப்படியும் சாயந்தரம் மூக்கைச் சுளித்துக்கொண்டே வருவாள். "ஆஸ்பத்திரி நாத்தம்பா" என்பாள். ஆனாலும் குதிப்பாள்.

படித்தாள், வேலை கிடைத்தது, புனே போனாள். பெரிய தொழிற்சாலைகளில் எந்தப் பைப் எங்கே போக வேண்டும் என்று வரைவது அவள் வேலை. கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளைக்கும் அங்கேயே வேலை. அதன்பிறகு எங்களுக்குள் போன்தான். அதிலும் என் பங்கு ரொம்பக் கம்மி. "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்பா. நீங்க?" "ஆச்சு. இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." இவ்வளவுதான். பெற்ற மகளிடம் பேச ஒரு தகப்பனுக்கு இதற்குமேல் விஷயமே இல்லையா என்று எத்தனையோ நாள் போனைக் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறேன். என் மனைவி மட்டும் கத்தரிக்காய் விலையிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசுவாள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்த அன்றே என் மனைவி திட்டம் போட்டுவிட்டாள். ஏழாம் மாதம் வளைகாப்பு, அன்றைக்கே கையோடு அழைத்து வருவது, தலைப்பிரசவம் நம் வீட்டில். ஊர் வழக்கம் அதுதானே. ஆனால் மகள் வேறு மாதிரி சொன்னாள். "அங்க வந்து என்னம்மா பண்ணப்போறேன்? டாக்டர் இங்க, ஆபீஸ் இங்க, அவரும் இங்க. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடுங்களேன்." மனைவி போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய் மிக்ஸியைப் போட்டாள். உள்ளே ஒன்றும் போடாமலே ஓடவிட்டாள் என்று நினைக்கிறேன், அவ்வளவு சத்தம்.

கையில் போன் இருக்கிறது, எதையாவது கேட்க வேண்டும். "உடம்பு எப்படி இருக்குது?" என்றேன். முதுகு வலிக்கிறது என்றாள். டாக்டர் நீச்சல் அடிக்கச் சொன்னாராம். அவர்கள் குடியிருப்பில் இருக்கும் குளத்தில் இறங்கினால் குளோரின் நெடியில் இழுப்பு வந்துவிடுகிறதாம். பிறகு ஏதோ நினைப்பில், "நம்ம குளம் இருந்தா நல்லா இருக்கும்பா. ஆனா அதுவும் அதே நாத்தம்தான?" என்றாள்.

சும்மா வாய்தவறி வந்த பேச்சு. நான் பிடித்துக்கொண்டேன். முழுகுகிறவனுக்குத் துரும்பு கிடைத்தால் விடுவானா?

முன்பு எங்களிடம் தங்கியிருந்த ஒருவர் உப்புத் தண்ணீர்க் குளத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். குளத்துத் தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட வேண்டும். அந்தத் தண்ணீர் ஒரு குழாய்க்குள் இருக்கும் தகடுகளின் நடுவே ஓடும்போது மின்சாரம் பட்டு, உப்பிலிருந்தே குளோரின் உண்டாகிவிடும். அந்தக் குழாய்க்கு செல் என்று பெயர். டப்பாவைத் திறந்து கொட்டும் வேலை கிடையாது. மறுநாள் நானே போன் போட்டேன். நான் போன் போட்டதற்கே அவள் பயந்துபோய், "அம்மாவுக்கு என்னப்பா?" என்றாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. குளத்த உப்புக்கு மாத்தப்போறேன்."

சிரித்தாள். "அதுவும் குளோரின்தான்பா. கடையில வாங்கறதுக்குப் பதிலா மெஷினே செய்யும், அவ்ளோதான்."

"நாத்தம் வருமா, வராதா? அத சொல்லு."

"ஒழுங்கா ஓட்டினா கம்மியாதான் இருக்கும்."

"அப்ப வருவியா?"

"மொதல்ல உங்க பைப் எல்லாம் எப்படி போகுதுனு காட்டுங்க. மெஷின் வாங்கி கையில வெச்சுக்கிட்டு முழிக்காதீங்க" என்றாள்.

போனைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறை அது. குனிந்துதான் நுழைய வேண்டும். நான் வீடியோவில் காட்டக் காட்ட அவளுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். "ஆட்டாதீங்கப்பா, வாந்தி வருது. சுவத்துல வரைஞ்சு போட்டோ அனுப்புங்க" என்றாள். வரவேற்பறையில் அறை எண் எழுத வைத்திருந்த சாக்பீஸை எடுத்துவந்து வரைந்தேன். அப்படித் தொடங்கியது அந்தப் படம்.

எங்களுக்குக் குழாய் வேலை செய்கிறவன் அடி அண்ணாமலைக்காரன். என் வயதுதான் இருக்கும். பழைய பைப்பையெல்லாம் போட்டவனும் அவனே. வேலை தெரியும், ஆனால் வாய் அதைவிட ஜாஸ்தி. வந்ததும் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நம்ம போர்த் தண்ணியே உப்புத் தண்ணிதான சார். மாடி டேங்குல போய் பாருங்க, வெள்ளையா பாளம் பாளமா படிஞ்சு கெடக்குது. இதுல இன்னும் உப்ப வாங்கி வேற கொட்டுவீங்களா?"

"யோவ், அது வேற உப்பு, இது வேற உப்பு."

"உப்புல என்னா சார் வேற உப்பு?"

அவனுக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது. ஆனால் அவன் சொன்ன பாளம் மகளை யோசிக்க வைத்தது. அது சுண்ணாம்பு, செல்லின் தகடுகளிலும் படியும், அடிக்கடி கழற்றி ஆசிட்டில் கழுவ வேண்டியிருக்கும் என்றாள். அப்படியானால் செல்லின் இரண்டு பக்கமும் கையால் திருகிக் கழற்றும் யூனியன் வேண்டும். கழற்றியிருக்கும் நேரத்தில் தண்ணீர் சுற்றிப் போக ஒரு பக்கவழி வேண்டும், அதற்கு மூன்று வால்வு. சில வருஷத்துக்கு முன் பைப்பில் மாட்டிய குளோரின் மாத்திரை டப்பா வழியிலேயே உட்கார்ந்திருந்தது, அதை எடுத்தாக வேண்டும். செல் எல்லாவற்றுக்கும் கடைசியில், ஃபில்டரையும் தாண்டி, குளத்துக்குத் திரும்பும் பைப்பில்தான் வர வேண்டும். முன்னால் வைத்தால் அதிலிருந்து வரும் குளோரின் மற்றதையெல்லாம் அரித்துத் தின்றுவிடும்.

எல்லாம் சரி, இடம் எங்கே? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். செல்லுக்கு முன்னால் கொஞ்ச தூரம் பைப் வளையாமல் நேராகப் போக வேண்டுமாம். இல்லாவிட்டால் தண்ணீர் சுழன்றடித்து, ஓட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் சென்சார் குழம்பிப்போகுமாம். எங்கள் மோட்டார் ரூமில் நேரான பைப் என்று ஒரு முழம்கூடக் கிடையாது. ஃபில்டரை விட்டு வெளியே வந்ததும் ஒரு எல்போ வளைவு, உடனே இன்னொரு எல்போ, அப்புறம் சுவர்.

"யாருய்யா இப்படி எல்போ எல்போவா போட்டது?" என்றேன்.

"நான்தான் சார். நீங்கதான் படிக்கட்டுக்கு அடியில இவ்ளோ எடம் குடுத்தீங்க. நான் என்னா பண்றது, பைப்ப மடியில வெச்சுக்கவா?"

அவன் ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன், சாயந்தரம் ஆபீஸ் முடிந்து வந்து மகள் இரண்டையும் அடித்துப்போடுவாள். நான் அனுப்பிய போட்டோவின்மேல் சிவப்புக் கோடு கிழித்துத் திருப்பி அனுப்புவாள். நான் அழித்துவிட்டு மறுபடி வரைவேன். தினமும் அந்த நேரத்துக்கு என் போன் அடிக்கும். என் போன்! அம்மாவுடையது இல்லை. மனைவி கதவோரம் வந்து நின்று, "பேசிட்டு குடுங்க" என்று காத்திருக்க வேண்டி வந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னென்று சொல்ல? பைப்பைப் பற்றிப் பேசினால் நடுநடுவே மற்றதும் வந்தது. காலையில் வாந்தி எடுத்தது, ஆபீஸில் கால் வீங்கியது, வயிற்றுக்குள் முதல்முறை அசைந்தது. அசைந்ததை அவள் சொன்னபோது நாங்கள் வால்வு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். "அப்பா, இருங்க, இருங்க" என்றாள். இருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அப்பா, இத நேத்தே கேட்டீங்க."

"நேத்து கேட்டது பெரிய வால்வு."

"ரெண்டும் ஒரே சைஸ்தான்பா."

"அப்படியா? சரி, அப்ப யூனியன்?"

அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஒருநாளும் போனை வைக்கவில்லை.

நடுவில் பௌர்ணமி வந்தது. பௌர்ணமி வந்தால் எங்கள் ஊரில் யாரையும் வேலைக்குக் கூப்பிட முடியாது. எங்கள் குழாய்க்காரன் குடும்பத்தோடு கிரிவலப் பாதையில் மோர்க் கடை போட்டுவிடுவான். அப்புறம் ஒருநாள் அலுப்பு, ஒருநாள் மிச்சமான மோர் குடித்த வயிற்றுப்போக்கு. மனைவி பொறுமை இழந்தாள். "ஏங்க, ஏழாம் மாசம் பொறந்துடுச்சு. இன்னும் சுவத்துலயே கோலம் போட்டுக்கிட்டு இருக்கீங்களே!" என்றாள்.

அந்தக் கோலம் முடிந்தது மகளால்தான். "ரூமுக்குள்ள எதுக்குப்பா முட்டிக்கிறீங்க? பைப்ப சுவத்த தொளச்சு வெளிய எடுங்க. கொய்யா மரத்துப் பக்கம் வெளிச் சுவரு நேராதான இருக்குது? அதோட ஒட்டி விடுங்க. செல் அங்க வரட்டும். மேல ஒரு தகரம் போட்டுடுங்க" என்றாள். கொய்யா மரமும் அந்தச் சுவரும் அவளுக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன! குழாய்க்காரன் தலையைச் சொறிந்தான். "இதத்தான் சார் நானும் மொதல்லயே சொல்ல வந்தேன்" என்றான். பொய். புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டாமா?

கடைசிப் படத்தை அனுப்பியதும் அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். சிவப்புக் கோடு எதுவும் வரவில்லை. "சரிப்பா. இப்படியே போடுங்க" என்றாள். பிறகு சாதாரணமாக, "வளைகாப்பு முடிஞ்சதும் வந்துடறேன். அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

அம்மாவிடம் நான் என்ன சொல்வது? பின்னாலேயேதான் நின்றிருந்தாள். குழாய்க்காரன் முன்னாலேயே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பதறிப்போய், "என்னா சார், என்னா ஆச்சு?" என்றான். "ஒண்ணும் ஆவல. நாளைக்கே வந்து சுவத்த தொளை" என்றேன்.

தொளைத்தான். பழைய எல்போவை அறுத்து எறிந்தோம். புதிய பைப்புக்குப் பசை தடவி ஒட்டி, காயட்டும் என்று ஒருநாள் முழுக்க யாரையும் பக்கத்தில் விடவில்லை. உப்பு விஷயத்தில் மட்டும் ஒரு சண்டை. மரக்காணத்திலிருந்து கல்லுப்பு வண்டியோடு வரும், சல்லிசாக அடிக்கலாம் என்றான் குழாய்க்காரன். அழுக்கில்லாத, அயோடின் சேர்க்காத உப்புதான் வேண்டும் என்றாள் மகள். எந்த உப்பானாலும் வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்குள் வர வேண்டும் என்றாள் மனைவி. வெள்ளிக்கிழமை வந்தது. முதல் மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, முதல் பிடியை அவளே குளத்தில் போட்டாள். மீதியை நாங்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டி, நீளக் கம்பு பிரஷ்ஷால் தள்ளித் தள்ளிக் கரைத்தோம்.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்த அன்று விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கஞ்சித் தண்ணீரில் போட்டுக் குடிக்கிற உப்பு அளவுதான். குனிந்து மோந்தேன். ஒரு நெடியும் இல்லை. அடியில் நீலக் கல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவள் இறங்கிவரும் படியில் வழுக்காமல் இருக்க ஒரு கைப்பிடிகூட வைத்துவிட்டேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்கள். வளைகாப்புக்கு நாங்கள் துணிமணி எடுத்துவைத்துக்கொண்டிருந்த வாரம் மகள் போன் செய்தாள். ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். பிரசவம் வரைக்கும் பயணமே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"நீச்சலும் கூடாதாம்பா" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

"அழாத. நீ அழுதா உள்ள இருக்கறதும் அழுவும். பைப் எங்கயும் ஓடிப்போவாது" என்றேன்.

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கொய்யா மரத்தடிக்குப் போனேன். ஒரு யூனியனிலும் சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. எங்காவது ஒழுகினால் தேவலை, திருகிக்கொண்டாவது நிற்கலாம் என்றிருந்தது.

புனே போய் வளையல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். அதன்பிறகுதான் அந்த விநோதம் ஆரம்பித்தது. மோட்டாருக்கு முன்னால் குப்பை தடுக்கும் கூடை ஒன்று இருக்கும். கொய்யா இலை, செத்த வண்டு இதெல்லாம்தான் அதில் சேரும். ஒருநாள் திறந்தால் மிளகு! நன்றாக ஊறி உப்பிய மிளகு. மாடியில் தங்கியிருக்கும் யாரோ சிந்தியிருப்பார்கள் என்று விட்டேன். அடுத்த வாரமும் மிளகு. குழாய்க்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, "உப்பு போட்டாச்சு, மிளகும் போட்டாச்சு. ரசம் எப்ப சார் எறக்கப்போறீங்க?" என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் கையும் களவுமாகப் பிடித்தேன். என் மனைவி குளத்துப் படியில் நின்றிருந்தாள். இடது கையில் போன், அதில் மகளின் படம். வலது கையை மூடிக்கொண்டு அந்தப் படத்தை மூன்று முறை சுற்றினாள். பிறகு கையைத் திறந்து தண்ணீரில் போட்டாள்.

அவள் பிறந்த ஊரில் அம்மன் கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போடுவார்கள். உப்பு கரைகிற மாதிரி உடம்புக்கு வந்தது கரைந்துபோகும் என்று வேண்டுதல். மகளுக்கு இழுப்பு வந்த வயதில் வருஷா வருஷம் போட்டுவிட்டு வருவாள். எனக்குத் தெரியும், தெரிந்தும் கத்தினேன்.

"உனக்கு என்ன பைத்தியமா? எவ்ளோ வேலை செஞ்சு வெச்சிருக்கேன். மெஷினுக்குள்ள போனா என்ன ஆவும்? வேண்டுதல்னா உங்க ஊர்ல போய் போடு!"

"எங்க ஊர் குளத்துல தண்ணி எங்கங்க இருக்குது? பசங்க உள்ள எறங்கி கிரிக்கெட் ஆடறாங்க" என்றாள். கொஞ்சமும் அசரவில்லை. "இதுவும் குளம்தான? உப்ப நீங்களே மூட்ட மூட்டையா கொட்டிட்டீங்க, அவளுக்காகத்தான கொட்டினீங்க? மிளகு மட்டும்தான் பாக்கி. அத நான் போடறேன்."

அதோடு விட்டுப் போனால் நான் நானில்லையே. "கூடையில மாட்டுது" என்றேன்.

"மாட்டத்தான கூட வெச்சிருக்கீங்க? எடுத்துப் போடுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

பிரசவத்துக்கு அவள் மட்டும் புனே போனாள். ஆபரேஷன்தான், ஆனால் ஒரு குறையும் இல்லாமல் பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கும் சமயத்தில் நானும் போய் மடியில் வாங்கிக்கொண்டு, மூக்கு என் அம்மா மூக்கு என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். கிளம்பும்போது மகள் கேட்டது, "செல்ல கழட்டிக் கழுவினீங்களாப்பா?" என்றுதான். கழுவினேன் என்றேன்.

மூன்றாம் மாதம் வருவதாகப் பேச்சு. அப்போது குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்த மாதம் என்றார்கள், தடுப்பூசி குறுக்கே வந்தது. அப்புறம் மகளின் லீவு முடிந்து ஆபீஸ் தொடங்கிவிட்டது, குழந்தையைப் பார்க்க மனைவி அங்கேயே இருந்தாக வேண்டியதாயிற்று. யாரைக் குற்றம் சொல்ல முடியும்? தீபத்தன்று எங்கள் அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. மாடியில் நின்று மலைமேல் எரியும் தீபத்தைப் போனில் காட்டினேன். சின்னப் புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். "தெரியுதுப்பா, தெரியுது" என்றாள் மகள். சுற்றிலும் அவ்வளவு ஜனம், எனக்கு மட்டும் வீடு காலியாக இருந்தது.

பேர் வைத்துவிட்டு நான் தனியாகத் திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமையே மனைவி போன் செய்திருந்தாள். "போட்டீங்களா?"

"என்னத்த?"

"மிளக. மோட்டார் ரூம் பரண்ல டப்பாவுல வெச்சுட்டு வந்தேன்."

"எனக்கு வேற வேலையே இல்லனு நெனச்சியா?"

"அவ வந்து கால வெக்கற வரைக்கும்னு வேண்டிக்கிட்டேங்க. நடுவுல விடக்கூடாது" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

நான் அந்த மாதிரி ஆளே இல்லை. எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தால்கூடத் தாண்டிப் போகாமல் எடுத்துப் பிழிந்து குடிக்கிறவன். ஆனாலும் பரணில் கையை விட்டேன். டப்பா இருந்தது. ஒரு பிடி எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். உப்புதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று தோன்றியது, மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய்ச் சமையலறையிலிருந்து அதையும் எடுத்து வந்தேன். போனில் மகளின் படத்தை வைத்துக்கொண்டு சுற்றினேன். எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று தெரியாததால் இரண்டு பக்கமும் சுற்றினேன். வந்துடுடி என்றேன். அழுகை வந்தது. பார்க்க யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதேன்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் நானே போட்டேன், மறுநாள் காலையில் நானே கூடையைத் திறந்து பொறுக்கினேன். போடுகிறவனும் நான், திட்டிக்கொண்டே எடுக்கிறவனும் நான். குழாய்க்காரன் ஒருமுறை பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். என் மூஞ்சியைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

போன சனிக்கிழமை காலையில் கூடையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோது போன் அடித்தது. மகள்தான், வீடியோவில். ஒரு கையால் எடுத்தேன். சாக்பீஸ் படத்துக்கு முன்னால் நான் நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"இன்னும் அழிக்கலையாப்பா அத?" என்று சிரித்தாள். பிறகு, "கையில என்ன அது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. குப்பை."

"காட்டுங்க."

காட்டினேன். அவளுக்கு அம்மாவின் வேண்டுதல் தெரியும். சின்னதில் அந்தக் கோயில் குளத்தங்கரையில் அவளையே நிற்க வைத்துத்தானே சுற்றினார்கள். மிளகைப் பார்த்தாள். திரும்பி, அந்தப் பக்கம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். "அம்மா இங்கதான இருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நான் மேலே பல்பைப் பார்த்தேன்.

குழந்தை போனைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். திரையில் கொஞ்ச நேரம் அவர்கள் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் முகம் வந்தது.

"அப்பா, குட்டி தவழ ஆரம்பிச்சுட்டா. கையில எது கெடச்சாலும் வாயில போட்டுக்கறா" என்றாள். "நாங்க வர்றதுக்கு முன்னாடி அந்த மிளகெல்லாம் ஒண்ணு விடாம பொறுக்கி வெச்சுடுங்க."

எப்போது என்று கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, சல்லடையை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போனேன்.